நான்கு மாதம் டிரைவ்வேயில் நிற்கும் காருக்கு எது நல்லது: படங்கா, கவரா, கூடாரமா?

நவம்பர் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ புறப்பட்டு மார்ச் முடிவில் திரும்புகிற குடும்பங்கள் ரொறொன்ரோவில் நிறைய. கராஜுக்குள் பெட்டிகள் அடுக்கியிருக்கும், கார் டிரைவ்வேயில்தான் நிற்கும். போகிற வாரத்தில் ஒரு நீலப் படங்கு வாங்கி மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போவது பலரின் வழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒன்றுமே போடாமல் விட்டாலும் கார் அதைவிட நன்றாக இருக்கும்.

காரணம் இதுதான். நிற்கிற காரைக் குளிரைவிட ஈரமே அதிகம் கெடுக்கிறது. படங்கு பொலித்தீன் என்பதால் மேலிருந்து தண்ணீர் இறங்காது, ஆனால் கீழிருந்து எழும் ஆவிக்கும் போக வழியில்லை. ரொறொன்ரோவில் ஒரே வாரத்துக்குள் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலும் கீழும் பலதரம் போய்வரும். இளகுகிற நாளில் நிலத்து ஈரம் ஏறிப் படங்கின் அடிப்பக்கம் துளித்துளியாகப் படியும். இரவில் அது உறைந்து, படங்கு பெயின்றோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்தது காற்று. கயிறு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நடுப்பகுதி தளர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும். வசந்தத்தில் படங்கை எடுத்துவிட்டுப் பக்கக் கண்ணாடிக் கூட்டின் மூலையையும் கூரையின் ஓரத்தையும் வெயிலில் சாய்வாகப் பாருங்கள். பெருவிரல் அகலத்துக்கு மினுக்கம் போய் வெளிறியிருக்கும். அது தூசியல்ல, மேற்பூச்சே தேய்ந்த இடம்.

மூடாமல் விடுவதென்றால் கழுவி, காயவைத்து, மெழுகு பூசிவிடுங்கள். வெயிலும் காற்றும் பட்டுக் கார் தானாகக் காயும். பறவை எச்சமும் மரப்பிசினும் விழும் என்பதே குறை, ஆகவே மரத்தடியில் விடக்கூடாது. கூரை ஓரத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம், சரிந்து விழும் பனிக்கட்டி பொனற்றை நெளித்துவிடும். வைப்பருக்கு அடியில் சேர்ந்திருக்கும் இலைகளைக் கையால் அள்ளி எடுங்கள். அங்குள்ள வடிகால் அடைத்தால் தண்ணீர் காருக்குள்ளே இறங்கும்.

பெரும்பாலானோருக்கு ஏற்றது ஆவியை வெளியே விடும் பல அடுக்குத் துணிக் கவர். அந்த மொடலுக்கென்றே தைத்ததாக, ஓரத்தில் இலாஸ்ரிக்கும் அடிவயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டிகளும் உள்ளதாக வாங்குங்கள். பொது அளவில் வருவது தொளதொளவென்று நின்று படங்கு செய்கிற அதே வேலையைச் செய்யும். கவர் போடும்போது கார் துப்புரவாகவும் முழுக்கக் காய்ந்தும் இருக்கவேண்டும், தூசியோடு மூடினால் கவர் உப்புத்தாளாக மாறும். வீதியில் உப்புப் போடத் தொடங்கிய பிறகு ஓடிய காரென்றால் அடிப்பாகத்தை இரண்டு தரம் கழுவுவித்து, பிரேக் காயும்வரை ஒரு 20 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். இடையில் பனி குவிந்தால், பார்த்துக்கொள்ளும் உறவினர் சவளைத் தொடவேண்டாம். நுரைத் தலை உள்ள தள்ளுகட்டை போதும்.

இரும்புக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்திய கூடாரம் காருக்கு எல்லாவற்றையும்விட நல்லது. துணி பெயின்றில் படுவதே இல்லை, காற்றும் புழங்கும். ஆனால் ஆளில்லாத வீட்டுக்கு அது ஆபத்து. 10 அடிக்கு 20 அடிக் கூடாரத்தின் பரப்பு ஏறக்குறைய 18.6 சதுர மீற்றர். 10 செ.மீ. புதுப்பனி விழுந்தால் சுமார் 190 கிலோ, அதுவே ஈரப்பனியானால் 500 கிலோவைத் தாண்டும். சரிவான கூரையில் ஒரு பகுதி வழுக்கி விழும், மிச்சம் அங்கேயே இருந்து அடுத்த பனியையும் தாங்கும். ஒவ்வொரு பனிக்குப் பிறகும் உள்ளிருந்து தட்டிவிட ஆள் இல்லையென்றால் சட்டம் வளைந்து கார்மேலேயே இறங்கலாம். கியூபெக்கில் டெம்போ என்று சொல்லும் இந்தக் கூடாரத்தைப் பல ஊர்களில் குளிர்காலத்துக்கு மட்டும் அனுமதிக்கிறார்கள். உங்கள் நகரசபை விதியைக் கேட்காமல் காசைப் போடாதீர்கள்.

பற்றரிக்கும் இதே அளவு யோசனை தேவை. நிற்கும் காரில் அலாரமும் கணினியும் 50 மில்லி அம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி போகும். 60 அம்பியர் மணி பற்றரி 50 நாளில் வெறுமையாகிவிடும். முழுச் சார்ஜில் உள்ள பற்றரி -50 பாகையிலும் உறையாது. வெறுமையானதோ -10க்கு முன்பே உறைந்து ஓடு வெடிக்கும். நெகட்டிவ் முனையை 10 மி.மீ. ஸ்பனரால் கழற்றிவிடுவது சுலபம், ஆனால் அலாரமும் போய்விடும். வெளியே மின்செருகி இருந்தால், தானாக நின்று தானாகத் தொடங்கும் 1 அம்பியர் மெயின்ரெயினர் என்ற சிறு சார்ஜர் நல்லது. பழைய பாணிச் சார்ஜரை மாதக்கணக்கில் விட்டால் பற்றரி வற்றிப்போகும். சூரியத் தகடு பனிக்கும் கவருக்கும் கீழே பயன்படாது. செருகி இல்லாதவர்கள் பற்றரியைக் கழற்றி, 12.6 வோல்ற்றுக்குக் குறையாமல் சார்ஜ் செய்து நிலவறையில் வையுங்கள். பற்றரி இல்லாவிட்டால் ரிமோட்டால் கதவு திறக்காது, ஆகவே கதவைத் திறக்கும் உலோகச் சாவி எங்கே இருக்கிறதென்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை யாராவது வந்து ஐந்து நிமிடம் ஸ்ரார்ட் பண்ணுவது உதவியல்ல. ஸ்ரார்ட்டுக்குப் போன மின்சாரம் அதற்குள் திரும்பி வராது, சைலன்சரிலும் எண்ணெயிலும் தண்ணீர்தான் சேரும்.

மற்றவை சிறு வேலைகள். பெற்றோல் தாங்கியை நிரப்பி, பெற்றோல் பழுதாகாமல் காக்கும் ஸ்ரெபிலைசரைப் போத்தலில் உள்ள அளவுப்படி ஊற்றி 10 நிமிடம் ஓடவிடுங்கள். ஹான்ட்பிரேக் போட்டால் துருப்பிடித்து ஒட்டும், அதற்குப் பதில் சில்லுக்குக் கட்டை வையுங்கள். ரயர் காற்றை 5 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள், ஆனால் ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டவேண்டாம். கூலன்ற் பாதிக்குப் பாதி இருந்தால் -37 வரை தாங்கும். காப்புறுதியை முழுதாக நிறுத்தாமல், ஓட்டும் பகுதியை மட்டும் இடைநிறுத்திக் களவுக்கும் தீக்கும் உரிய பகுதியை வைத்திருங்கள். கார் கடனிலோ லீசிலோ இருந்தால் அதைக் கொடுத்த நிறுவனத்தையும் கேளுங்கள்.

எலி நுழையாதபடி சைலன்சர் வாயை ஸ்ரீல் வூலால் அடைத்தீர்களானால், அதை ஒரு தாளில் எழுதி ஸ்ரியரிங்கில் ஒட்டிவிடுங்கள். திரும்பி வந்ததும் முதலில் அதை எடுத்துவிட்டு, பொனற்றைத் திறந்து வயர்களை எலி கடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்பவேண்டும்.