டேப்பா, துணி உறையா, லேடெக்ஸா: ஃபோம் வாளுக்கு எது தாங்கும்?

வேடமிட்டும் அணி பிரிந்தும் சண்டை போடும் ஆட்டங்களுக்காக ஃபோம் வாள் செய்கிறவர்கள் மூன்று கட்சி. பிவிசி குழாயில் ஃபோம் உருளையைச் செருகி டக்ட் டேப் சுற்றுகிறவர்கள் ஒரு பக்கம். ஃபோம் தகடுகளை அடுக்கி ஒட்டி, நடுவில் ஃபைபர் கிளாஸ் தண்டு வைத்து, மேலே துணி உறை மாட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஃபோமைச் செதுக்கி, லேடெக்ஸ் என்ற திரவ ரப்பரைப் பூசி, எட்ட நின்று பார்த்தால் இரும்பு போலவே சாயம் தீட்டுகிறவர்கள் மூன்றாவது. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை: துணி உறை. அழகுக்காக அல்ல, அழகில் அது கடைசி. ஆனால் உள்ளே செத்துப்போன ஃபோமை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி கையில் எடுக்க முடிகிற வாள் அது ஒன்றுதான்.

மூன்றையும் ஒரே அளவில் வைத்துப் பார்ப்போம்: மொத்த நீளம் ஏறக்குறைய 90 செ.மீ., ஒற்றைக் கை வாள். ஆட்டம் எது என்பதும் முக்கியம். 1977இல் தொடங்கிய டாகோர்ஹிர், 1983இல் வந்த ஆம்ட்கார்ட் போன்றவை முதலில் சண்டை ஆட்டங்கள், அதில் வாள் ஓயாமல் அடி வாங்கும். கதையும் வேடமும் முன்னால் நிற்கும் ஆட்டங்களில் அடியைப் பாதியிலேயே இழுத்துப் பிடித்து, தொட்டுக் காட்டினால் போதும். லேடெக்ஸ் இந்த இரண்டாவது வகைக்குப் பிறந்தது. அதைக் கொண்டுபோய் முதல் வகை ஆட்டத்தில் இறக்கிவிட்டு, கிழிந்துவிட்டதே என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

டேப் வாளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை அங்குல பிவிசி குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. குழாய்க்கு வெப்பக்காப்பாகப் போடும் ஃபோம் உறையோ, நீச்சல் குளத்தில் மிதக்க விடும் ஃபோம் நூடுலோ அதில் இறுக்கமாக ஏறும். குழாயை 82 செ.மீ. வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, நுனியில் ஃபோம் குறைந்தது 5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்குமாறு விட்டு, டேப் ஒட்டினால் ஒரு மாலைக்குள் வாள் தயார். டேப்பை நீளவாக்கில் பட்டை பட்டையாகத்தான் ஒட்ட வேண்டும். கயிறு சுற்றுவதுபோல் இழுத்துச் சுற்றினால் ஃபோம் நெரிந்து, அடி தடிக்கம்பு அடியாக விழும். குழாய் மட்டுமே மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிராம், அதோடு வளையவும் செய்யும். வீசும்போது நுனி பின்தங்கி வந்து சாட்டைபோல் சொடுக்கும். வெயிலில் கிடந்த பிவிசியும், கடுங்குளிரில் எடுத்த பிவிசியும் நொறுங்கும். நொறுங்கிய விளிம்பு கத்திபோல் கூராக இருக்கும். விருந்தாளி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க நாலு வாள் அவசரமாக வேண்டுமென்றால் இதைச் செய்யலாம்.

லேடெக்ஸ் வாளின் உள்வேலை நல்ல வேலைதான். பிளாஸ்டசோட் எல்டி45 போன்ற ஃபோம் (45 என்பது கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற எடை), ஃபைபர் கிளாஸ் தண்டு, கூரான கத்தியால் செதுக்கல், பிறகு சாயம் கலந்த திரவ லேடெக்ஸை மெல்லிய பூச்சுகளாக ஆறு முதல் பத்து வரை. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டுத் தடிமனாகப் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பிறகு அந்த இடம் தோலுரியும். அம்மோனியா நெடி வரும், சன்னலைத் திறந்து வைக்க வேண்டும். ஆட்டக் கூட்டத்தில் யாருக்காவது லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

வாள் முடிந்த பிறகு வேலை இன்னும் கூடுகிறது. வெயிலும் ஓசோனும் லேடெக்ஸைத் தின்னும். எண்ணெய் பட்டால் ஊறிக் கொழகொழக்கும். இரண்டு வாளை ஒன்றன்மேல் ஒன்றாக வெப்பத்தில் வைத்தால் தோலும் தோலும் ஒட்டிக்கொள்ளும். நுனியைத் தரையில் ஊன்றி நின்றால் உள்ளிருக்கும் தண்டு மெல்ல மெல்ல நுனி ஃபோமைத் துளைக்கும். இதெல்லாம் போக, காயாமல் இருக்க சிலிக்கோன் தெளிப்பான் அடித்துத் துடைக்கச் சொல்வார்கள், அதுவும் சரியே. ஆனால் பிறகு ஒரு கீறல் விழுந்தால், சிலிக்கோன் படிந்த தோலில் புது லேடெக்ஸ் பிடிக்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் திரும்பத் திரும்பத் துடைத்து, கீறலுக்குள் நெகிழும் பசை வைத்து, மேலே பூசி, சாயம் பொருத்தி, மறுபடி சீல் செய்ய வேண்டும். பராமரிப்பே பழுதுக்குத் தடையாக வந்து நிற்கும் பொருளை நான் ஒரு அடி தள்ளித்தான் வைப்பேன்.

இனி துணி உறை வாள். தேவையானவை: 12 மி.மீ. வெளிவிட்டமுள்ள ஃபைபர் கிளாஸ் குழாய் 82 செ.மீ., 12 மி.மீ. கனமுள்ள மூடிய செல் (உள்ளே குமிழ்கள் தனித்தனியே மூடியிருக்கும்) பாலிஎத்திலீன் ஃபோம் தகடு, கான்டாக்ட் பசை, நார் டேப், ஒரு துண்டுத் தோல், கொஞ்சம் மெத்தென்ற பஞ்சு ஃபோம், உறைக்குத் துணி. தகடு கன மீட்டருக்கு 30 முதல் 45 கிலோ எடைக்குள் இருக்கட்டும். தரையில் பதிக்கும் ஈவிஏ பாய் கையில் கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். அது கவசத்துக்கு நல்லது, அடிக்கும் விளிம்புக்கு மிகக் கடினம்.

குழாயை வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, இரும்பு ரம்பத்தால் அறுக்கவும். வெட்டிய முனையை நனைத்து, முகக்கவசம் போட்டுத் தேய்க்கவும், கண்ணாடித் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாத பொருள். தண்டு முழுக்க நார் டேப் ஒரு சுற்று வேண்டும். பசைக்குப் பிடிமானம் கிடைக்கும், தண்டு பிளந்தாலும் சிம்புகள் உள்ளேயே நிற்கும். நுனியில் 3 செ.மீ. வட்டமாக வெட்டிய தோலை வைத்துக் கட்டவும். இதை விட்டால் சில ஆட்டங்களில் தண்டு நுனி ஃபோமைக் குத்தி வெளியே எட்டிப் பார்க்கும். ஃபோம் வாளில் ஆளைக் காயப்படுத்தும் பிழைகளில் முதல் இடம் இதற்குத்தான்.

அலகு, அதாவது கைப்பிடிக்கு மேலே அடிக்கும் பகுதி, மூன்று அடுக்கு. நடு அடுக்கில் தண்டு, அதன் இருபுறமும் 3.5 செ.மீ. அகலப் பட்டைகள். தண்டும் தகடும் ஒரே 12 மி.மீ. என்பதால் மேடு பள்ளம் வராது. மேலும் கீழும் முழு அகலத் தகடு ஒவ்வொன்று. ஆக 8.2 செ.மீ. அகலம், 3.6 செ.மீ. கனம். தண்டு முடிந்த பிறகும் நுனியில் 6 செ.மீ. மெத்தை வேண்டும். குத்தவும் பயன்படும் வாளென்றால் அதில் வெளிப்பக்க 4 செ.மீ. பஞ்சு ஃபோமாக இருக்கட்டும், மூடிய செல் ஃபோம் மட்டும் போட்டால் குத்து இடியாக இறங்கும். நுனி கண்குழிக்குள் நுழையாத அளவுக்கு அகலமாகவும் இருக்க வேண்டும். பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத நிலை வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து, பிறகு அழுத்தவும். தொட்டது தொட்டதுதான், நகர்த்த முடியாது. ஈரத்தோடு ஒட்டுகிறவர்களுக்குத்தான் அலகு வாய் பிளக்கிறது. பசை விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாலேயே நிற்கட்டும். வெளியே வழிந்து காய்ந்தால் அடிக்கும் இடத்தில் கெட்டிக் கோடாகிவிடும்.

உறைக்கு, அலகின் சுற்றளவு 23.6 செ.மீ., தையலுக்கு இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர், ஆக 26 செ.மீ. அகலத் துணி போதும். இறுக்கமாகத் தைத்தால் விளிம்பு உருண்டு ஃபோம் நெரியும். பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை துவைத்துச் சுருங்க விடவும். தையல் கோடு அலகின் தட்டைப் பக்கத்தில் வரட்டும், விளிம்பில் வந்தால் அடி வாங்கியவர் தோலில் சிராய்ப்பு விழும். மாட்டும்போது துணி ஃபோமோடு மல்லுக்கட்டும். அலகின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போட்டு, உறையை ஏற்றிவிட்டுப் பையை உருவினால் வேலை சுளுவாக முடியும். அடியில் நாடா, அதன்மேல் இரண்டு சுற்று டேப். வெளிப்பக்கம் டேப் தேவைப்படும் இடம் அது மட்டும்தான்.

குறையும் உண்டு. தலையணைக்குக் கைப்பிடி போட்டதுபோல் இருக்கும். தட்டைப் பக்கத்தில் தண்டின் மேல் 12 மி.மீ. ஃபோம்தான், அலகு திரும்பி விழுந்தால் வலிக்கும். கைப்பிடியை நீள்வட்டமாகச் சுற்றினால் பார்க்காமலே விளிம்பு எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும். ஃபைபர் கிளாஸுக்குப் பதில் கார்பன் குழாய் போட்டால் இன்னும் இலேசு, இன்னும் விறைப்பு. ஆனால் கார்பன் தண்டை நான் ஓரளவுதான் பயன்படுத்தியிருக்கிறேன், ஆயுள் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது பராமரிப்பு. ஃபோம் உடைவதில்லை, தளர்கிறது. உள்ளிருக்கும் குமிழ்கள் அடிக்க அடிக்க நசுங்கி, மீண்டு எழும் சக்தி போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் விளிம்பு நெடுகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். நல்ல இடம் விரலை எதிர்த்துத் தள்ளும். செத்த இடம் நைந்த பழம்போல் உள்வாங்கி, தண்டு விரலுக்குத் தட்டுப்படும். நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இடம்தான் எப்போதும் முதலில் போகும். வாளை அவ்வப்போது திருப்பிப் பிடித்து இரு விளிம்புக்கும் வேலையைப் பகிர்ந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

டேப் வாளில் இதே சோதனைக்கு டேப்பே தடை, விரலுக்கு மேல்தோல்தான் தெரியும். உரித்தால் ஃபோமின் தோலும் சேர்ந்து வரும். அதனால் எல்லோரும் மேலேயே இன்னொரு சுற்று டேப் போடுகிறார்கள், வாள் கனத்துக்கொண்டே போகிறது, உள்ளே ஃபோம் செத்தபடியே இருக்கிறது. லேடெக்ஸ் வாளைத் திறப்பது என்றால் தோலை அறுப்பது. துணி வாளில் நாடாவை அவிழ்த்து உறையை இறக்கி, நீளக் கத்தியைத் தண்டுக்கு இணையாக விட்டு, செத்த விளிம்பை மூன்று அடுக்கும் சேர்த்து 2.5 செ.மீ. ஆழத்துக்குச் சீவி எடுக்கலாம். தண்டையொட்டி 1 செ.மீ. ஃபோம் நிற்கட்டும், கத்தி தண்டைத் தொடாது, பசைக்கும் தளம் கிடைக்கும். 3.6 செ.மீ. அகலத்துக்குப் புதுப் பட்டை, பசை, காத்திருப்பு, அழுத்தம், மறுபடி உறை. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். உறையும் இந்த இடைவெளியில் துவைத்துக் காய்ந்துவிடும்.

ஒன்றே ஒன்று: முதல் வாளுக்குத் தகடு வெட்டும்போதே அதே தகட்டிலிருந்து 2.5 செ.மீ. பட்டைகள் ஆறு வெட்டி, மடக்காமல் படுக்கையாக வைத்துக்கொள்ளவும். ஒரு விளிம்புக்கு மூன்று வீதம் இரண்டு விளிம்புக்கு ஆகும். அடுத்து வாங்கும் தகடு 12 மி.மீ. என்று சொல்லி 11தான் இருக்கும், உறைக்குள் அந்த ஒரு மில்லிமீட்டர் பள்ளமாகத் தெரியும்.