கிருஷி பவன், ஆழியாறு, தென்னை ஏறுற ட்ரெய்னிங்: பல வருஷம் பயன்படுத்தின அனுபவம்

எங்களுக்கு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம் தென்னந்தோப்பு, கூட கொஞ்சம் காய்கறி, மாடு. இருக்கறது கேரளா, வீட்ல பேசறது தமிழ், என் பொறந்த வீடு ஆனைமலை பக்கம், அதனால ரெண்டு மாநிலத்து வேளாண் துறைகிட்டயும் ரொம்ப வருஷமா போய் வந்துட்டு இருக்கேன். கிருஷி பவன்னா கேரளா வேளாண் துறையோட ஊர் ஆபீஸ், அதுன்னாலே நாத்து குடுக்கற இடம், சப்சிடி ஃபார்ம் வாங்கற இடம்னுதான் எங்க ஊர்ல முக்கால்வாசிப் பேர் நினைக்கறாங்க, நாத்து வாங்கிட்டு வந்துடறாங்க, ஆனா அங்க படிச்ச ஒரு ஆள் உக்காந்திருக்காங்களே, அவங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கறதில்ல. நான் சொல்றது இதுதாங்க, மரத்துல என்ன வியாதின்னு கேக்கறதுக்குப் போங்க, சப்சிடி தானா பின்னாடி வரும்.

கேரளாவுல 1987ல இருந்து பஞ்சாயத்துக்கு ஒரு கிருஷி பவன் இருக்கு, அது எவ்வளவு பெரிய வசதின்னு பொறந்த வீட்டுப் பக்கம் போனாத்தான் தெரியும். அங்க வட்டார அளவுலதான் வேளாண்மை விரிவாக்க மையம், ஒரு உதவி வேளாண்மை அலுவலர் பல கிராமத்தைப் பாக்கணும், பாவம் அவங்களும் எத்தனை தோப்புக்குத்தான் போவாங்க. ஆனா அந்தப் பக்கம் ஆழியார் நகர்ல தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தோட தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, எல்லாமே தமிழ்ல சொல்லுவாங்க, எங்களுக்கு அதுவும் பக்கம்தான்.

2016ல தென்னையில அந்த சுருள் வெள்ளை ஈ வந்துச்சு பாருங்க, இந்தியாவுலயே மொதல்ல கண்டுபிடிச்சது நம்ம பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம்தான். மட்டைக்கு அடியில வெள்ளையா சுருள் சுருளா முட்டை, மேல் கீத்தெல்லாம் கரி பூசின மாதிரி கருப்பு, கீழ போட்ட வாழையும் கருப்பு. மருந்துக் கடைல பெரிய பெரிய பூச்சிமருந்தா எடுத்துக் குடுத்தாங்க, அக்கம்பக்கத்துல நிறைய பேர் அடிச்சாங்க. எங்க கிருஷி ஆபீசர் தோப்புக்கே வந்து ஒரு கீத்தைத் திருப்பி லென்ஸ் வெச்சுக் காட்டினாங்க, ஈயோட குஞ்சுல சிலது கருப்பா மாறியிருந்துச்சு, அதுக்குள்ள என்கார்சியான்னு ஒரு சின்னக் குளவி முட்டை போட்டிருக்கு, மருந்தடிச்சா மொதல்ல சாகறது இந்தக் குளவிதான், ஈ மறுபடி வந்துடும், விட்டுடுங்கன்னாங்க. மஞ்சள் ஷீட்ல விளக்கெண்ணெய் தடவி மரத்துல கட்டுங்க, தண்ணிய வேகமா அடிச்சு கழுவுங்க, அந்தக் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைச்ச பசையை அடிங்க, காஞ்சதும் உரிஞ்சு விழுந்துடும், அவ்வளவுதான். செலவு ரொம்பக் கம்மி. ஈ முழுசா போகல, இன்னைக்கும் வெயில் காலத்துல ஏறுது, ஆனா அந்தக் கருப்புக் குஞ்சை எனக்கே இப்போ அடையாளம் தெரியும், பக்கத்துத் தோப்புக்காரங்க கூப்பிட்டா போய் காட்டறேன்.

பொறந்த வீட்டுத் தோப்புல வேர் வாடல் நோய் வந்தப்ப இன்னும் கஷ்டம். கேரளாவுல 1800கள்லயே இருக்கற நோய், ஃபைட்டோபிளாஸ்மான்னு ஒரு நுண்கிருமியால வருது, கண்ணாடி இறக்கைப் பூச்சி மாதிரி சாறு உறிஞ்சறதுக பரப்புது. இலை உள்பக்கமா வளைஞ்சு விலா எலும்பு மாதிரி ஆயிடும். எங்கப்பா மரத்தை மகன் மாதிரி பாக்கறவரு, இதைக் குணமாக்கறோம்னு டின் டின்னா விக்க வர்றவங்களை நம்பற நிலைமைல இருந்தாரு. ஆராய்ச்சி நிலையத்துலதான் நேரா சொன்னாங்க, அய்யா இதுக்கு மருந்து இல்ல, வருஷத்துக்கு பத்து காய்கூட வராத மரத்தை வெட்டி எடுத்துடுங்க, மத்த மரத்துக்கு தொழு உரமும் சரியான அளவுல ரசாயன உரமும் குடுத்து, வட்டப் பாத்தில பசுந்தாள் விதைச்சு பலமா வெச்சுக்கோங்கன்னு. அப்பா அன்னைக்கு சாப்பிடல. ஆனா காசு தப்பிச்சுது, மிச்ச மரம் இன்னும் காய்க்குது. எதையும் விக்க வராத ஒருத்தர் சொல்ற வார்த்தைக்கு விவசாயி வீட்ல எவ்வளவு மதிப்புன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சுது.

மண் பரிசோதனையும் கண்டிப்பா பண்ணுங்க. கேரளாவுல பெரும்பாலும் புளிப்பு மண், அதனால சுண்ணாம்பு போடுன்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா நம்ம சித்தூர் தாலுகா கிழக்குல கரிசல், அது காரத்தன்மை, அங்க சுண்ணாம்பு தேவையே இருக்காது. ரிப்போர்ட்டை கைல வெச்சுட்டு கேட்டாத்தான் உங்க தோப்புக்கான பதில் கிடைக்கும்.

இளைஞர்களுக்குன்னு சொன்னா தென்னை வளர்ச்சி வாரியத்தோட ட்ரெய்னிங்தாங்க, 2011ல ஆரம்பிச்சது, மலையாளத்துல தெங்கின் சங்ஙாதிக்கூட்டம்னு சொல்லுவாங்க. என் தம்பி பையன் பிளஸ் டூ முடிச்சு சும்மா சுத்திட்டு இருந்தான், ஆறு நாள் ட்ரெய்னிங், ஏறுற மிஷினும் குடுத்தாங்க. ஏறதுக்கு மட்டும் சொல்லித் தரல, கொண்டை சுத்தம் பண்றது, காண்டாமிருக வண்டு ஓட்டை எது கூன் வண்டு ஓட்டை எதுன்னு பாக்கறது, இளநி எப்போ வெட்டணும்னு எல்லாம். விபத்து இன்சூரன்ஸ் இருக்கு, ஏறுற வேலைக்கு அது ரொம்ப முக்கியம். இன்னைக்கு அவன் ஃபோன் ஓயறதில்ல, காய் போடப் போற எடத்துல மரத்துக்கு என்னாச்சுன்னும் சொல்லிட்டு வர்றான், இதைவிட விரிவாக்கம் வேற என்ன வேணும். பொண்ணுகளும் இந்த ட்ரெய்னிங் எடுக்கறாங்க, அனுப்பி வைங்க.

குடும்பஸ்ரீல, அதாவது கேரளா அரசோட பெண்கள் சுயஉதவிக் குழுவுல, நாங்க சில பேர் சேந்து குத்தகை நிலத்துல பயறு, வெண்டை போடறோம். விதை, ட்ரெய்னிங், லோன் எல்லாம் குரூப்பா போனா சீக்கிரம் நடக்குது, தனியா ஒரு பொம்பளை போய் நின்னா பட்டா யார் பேர்லன்னுதான் மொதல் கேள்வி வருது, அது மாறணும்.

கிசான் கால் சென்டர் 1800 180 1551, காலைல 6 மணில இருந்து ராத்திரி 10 வரைக்கும். உர அளவு, மருந்து அளவு கேக்க நல்லது. இலையைப் பாத்தாத்தான் தெரியற விஷயத்துக்கு ஃபோன் பத்தாது.

குறைன்னா, ஆபீசர் ஊரைப் புரிஞ்சுக்கறதுக்குள்ள டிரான்ஸ்ஃபர். இருக்கற நேரத்துல பாதி ஆன்லைன் அப்ளிகேஷன்லயே போயிடுது, தோப்புக்கு வர நேரமில்ல. நோட்டீஸ், ஃபார்ம் எல்லாம் மலையாளத்துல வருது, எங்க பக்கத்துப் பெரியவங்க தமிழ் மீடியம் படிச்சவங்க, யாராவது படிச்சுக் காட்டணும், கடைசி தேதி போயிடுது. கூட்டத்தை காலைல 11 மணிக்கு வெக்கறாங்க, அப்போ பொம்பளைங்க பாதிப்பேர் வேலைக்குப் போயிருப்பாங்க. சாயங்காலம் வெச்சு, ஒரு பக்கம் தமிழ்லயும் அச்சடிச்சுக் குடுங்கன்னு எங்க குரூப்ல எழுதிக் குடுத்திருக்கோம், இந்த மலையாள மாசம் சிங்ஙம் 1, கர்ஷக தினத்துக்கு (கேரளாவோட விவசாயிகள் தினம்) எல்லாரும் சேந்து போய் மறுபடியும் கேக்கப் போறோம், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் இருக்கறவங்க உங்க பஞ்சாயத்துலயும் அன்னைக்கே கேளுங்க.