வீட்டு வேதியியல் பெட்டி: சரக்கு அருமை, கையேடு மோசம்

மகளுக்கு உலோகம், அலோகம், உலோகப்போலி பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஆன்லைனில் வாங்கிய பெட்டி இது. மூன்று வாரமாக இரண்டு பேரும் உட்கார்ந்து எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டோம், சிலதை மூன்று நான்கு தடவை.

மெக்னீசியம் நாடாவும் கந்தகமும் தெரிந்த கதைதான். நாடாவைக் கொளுத்தி (வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள்), வெள்ளைச் சாம்பலை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கினால் சிவப்பு லிட்மஸ் மெதுவாக நீலமாகும். கந்தகப் புகையைத் தண்ணீரில் கரைத்தால் சல்ஃபியூரஸ் அமிலம், நீலத்தாள் சிவக்கும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

இந்தப் பெட்டியை நான் சிபாரிசு செய்வது துத்தநாக சல்பேட்டுக்காகவும் வெண்காரத்துக்காகவும்தான். துத்தநாக சல்பேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் தயிர் உடைந்த மாதிரி வெள்ளை வீழ்படிவு திரளும், அங்கேயே நிறுத்தாமல் இன்னும் விட்டுக் குலுக்கினால் அத்தனையும் கரைந்து குழாய் தெளிந்துவிடும். "அப்பா, எங்கே போச்சு?" என்று அவள் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். வீழ்படிவில் கொஞ்சத்தை முன்பே தனியாக எடுத்துவைத்திருந்தோம், அதில் அமிலம் விட்டோம், அதுவும் கரைந்தது. அமிலத்தோடும் சேரும், காரத்தோடும் சேரும். ஈரியல்பு என்று புத்தகத்தில் ஒரு வரியில் போகிற விஷயம் இதுதான்.

அப்புறம் வெண்காரம், அதாவது போராக்ஸ், போரேட் என்கிற போரான் உப்பு. கரைசலில் இரண்டு சொட்டு பினால்ஃப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டால் இளஞ்சிவப்பு வரும், கிளிசரின் ஊற்றிக் குலுக்கினால் நிறம் மறையும். அந்தக் குழாயைச் சுடுநீரில் நிறுத்தினால் நிறம் திரும்ப எட்டிப்பார்க்கும், ஆறினால் மறுபடி போய்விடும். போரான் உலோகத்துக்கும் அலோகத்துக்கும் இடைப்பட்ட உலோகப்போலி, அதன் அமிலமான போரிக் அமிலம் மிகவும் சாது. கிளிசரின் வந்து போரேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால் அமிலத்தன்மை கூடுகிறது, சூட்டில் அந்தப் பிடி தளர்கிறது.

இவ்வளவு நல்ல சோதனையைக் கொடுத்துவிட்டு, கையேட்டில் போரிக் அமிலம் தன் மூன்று ஹைட்ரஜனையும் விட்டுக்கொடுக்கும் என்று அச்சடித்திருக்கிறார்கள். தப்பு. அது தன்னுடைய ஹைட்ரஜன் எதையும் கொடுப்பதில்லை. போரானின் வெளிக்கூட்டில் ஒரு ஜோடி எலக்ட்ரானுக்கு இடம் காலியாக இருப்பதால் தண்ணீரிலிருந்து ஹைட்ராக்சைடைப் பிடுங்கிக்கொள்கிறது, மீந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனிதான் அமிலத்தன்மைக்குக் காரணம். வாய்பாட்டில் மூன்று ஹைட்ரஜன் இருப்பதைப் பார்த்துப் பாஸ்பாரிக் அமிலத்தோடு குழப்பிக்கொண்டார்கள் போல.

இன்னொன்று, உலோக ஆக்சைடு எல்லாமே காரத்தன்மை உடையது என்று முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டிருக்கிறார்கள். இவர்கள் கொடுத்த துத்தநாகமே அதைப் பொய்யாக்குகிறதே! மாங்கனீசை எடுத்துக்கொள்ளுங்கள், ஆக்சிஜன் குறைவாகச் சேர்ந்த MnO காரத்தன்மை உடையது, அதே உலோகத்தில் ஆக்சிஜன் அதிகமாகச் சேர்ந்த Mn₂O₇ தண்ணீரோடு சேர்ந்தால் பெர்மாங்கனிக் அமிலம். எந்தத் தனிமம் என்பதோடு, அது எந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். அலோக ஆக்சைடு எல்லாமே அமிலத்தன்மை உடையது என்றும் சொல்ல முடியாது, கார்பன் மோனாக்சைடு நடுநிலைதான்.

மணல் சோதனையும் அரைகுறை. தண்ணீரில் கரையவில்லை, லிட்மஸ் மாறவில்லை என்பதோடு முடித்துவிட்டார்கள். மணலில் இருக்கிற சிலிக்கான் டை ஆக்சைடு அமில ஆக்சைடுதான், சூடான அடர் காரத்தோடு சேர்ந்து சிலிக்கேட் ஆகும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சோடியம் ஹைட்ராக்சைடைப் பிளாஸ்டிக் புட்டியில் அனுப்பியவர்களுக்கு, அதே சிலிக்கான் டை ஆக்சைடு சேர்ந்த கண்ணாடியைக் காரம் மெல்ல அரிக்கும் என்பது தெரிந்துதானே இருக்கும்.

பெட்டியில் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் வருகிறது, இரண்டு பேர் செய்வதாக இருந்தால் இன்னொன்று வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள். பினால்ஃப்தலீன் புட்டி ரொம்பச் சின்னது, எங்களுக்கு அதுதான் முதலில் தீர்ந்தது. கட்டம் போட்ட அந்த முதல் பக்கத்தைப் பேனாவால் அடித்துவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.