பிஎஸ்3-உடன் 14 ஆண்டுகள்: இன்றுவரை கார்டு எண் கொடுக்கவில்லை

அக்கா மகன் போன வாரம் கேட்டான்: "மாமா, சோனியோட பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கலாம்னு இருக்கேன். டிஸ்க் போடாம நெட்ல கேம் இறக்கி விளையாடுற மாடல் விலை கம்மி. அதையே வாங்கிடவா?" சிங்கப்பூர் இளைஞர்களுக்குக் கட்டாயமான தேசிய சேவைக்குப் போகுமுன் அவன் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டான். வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பதில் நீண்டுகொண்டே போனது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பிஎஸ்3 ஸ்லிம், சோனியின் பழைய பிளேஸ்டேஷன் 3 கன்சோல். 2011 ஜூன் மாதம், ஈசூனில் எங்கள் புளோக்கில் மேல்மாடியில் இருந்த ஓர் அண்ணனிடம் 250 வெள்ளிக்கு வாங்கினேன். அதன் திறன், கொள்ளளவு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் ஏன் அதை விற்றார் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 17க்கும் 19க்கும் இடையே யாரோ சோனியின் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் புகுந்துவிட்டார்கள். 20ஆம் தேதி சோனி மொத்த நெட்வொர்க்கையும் நிறுத்தியது. இங்கே புனித வெள்ளி நீண்ட விடுமுறை வந்த நேரம். ஏதோ பராமரிப்பு வேலை போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தோம். பயனாளர் தகவல் களவு போயிருக்கிறது என்று சோனி வெளிப்படையாகச் சொன்னது 26ஆம் தேதிதான். சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். பெயர், முகவரி, பிறந்த தேதி, மின்னஞ்சல், பாஸ்வேர்ட் எல்லாம் போயிருக்கிறது. கார்டு எண்ணும் போயிருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை என்றார்கள்.

அந்த வாரம் கோப்பிக்கடையில் எங்களுக்குள் நடந்த சண்டை எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு நண்பன் ஹேக்கர்கள் பக்கம். பிஎஸ்3-இல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளும் வசதியை 2010 ஏப்ரலில் ஓர் அப்டேட் மூலம் பிடுங்கினார்களே, பெட்டியின் பாதுகாப்புப் பூட்டை உடைத்த ஹேக்கர் ஜார்ஜ் ஹாட்ஸ்மீது வழக்குப் போட்டார்களே, அப்போது யார் கேட்டது, இது வேண்டியதுதான் என்றான். அந்த வழக்குக்காக அனானிமஸ் என்ற ஹேக்கர் குழு ஏப்ரல் தொடக்கத்தில் சோனியின் தளங்களை முடக்கியது உண்மை. ஆனால் தகவலைத் திருடியது தாங்கள் இல்லை என்று அவர்களே மறுத்தார்கள். லினக்ஸ் விஷயத்தில் நண்பன் சொன்ன நியாயம் எனக்கும் புரிந்தது. பணம் கொடுத்து வாங்கிய பொருளில் இருந்த வசதியைப் பிறகு எடுப்பது தப்புதான். அதற்காக மேல்மாடி அண்ணனின் வீட்டு முகவரியை ஏன் திருட வேண்டும்? இந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. யார் திருடினார்களோ, அவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றும் குறையவில்லை.

அண்ணனின் கோபம் வேறு. வங்கிக்குப் போன் போட்டு கார்டை நிறுத்திவிட்டு வந்து சொன்னார்: "திருட்டுப் போனதுகூட பரவாயில்லை தம்பி. ஆறு நாளா வாயைத் திறக்கலையே." என்னென்ன போயிற்று என்று நிபுணர்களை வைத்து ஆராய்ந்து முடிக்க அத்தனை நாளாயிற்று என்பது சோனியின் விளக்கம். அதில் ஓரளவு உண்மை இருக்கும். கார்டு எண்கள் சங்கேதமாக்கப்பட்டிருந்தன, பாஸ்வேர்டையும் அப்படியே வெறும் எழுத்தாக வைத்திருக்கவில்லை என்றும் சொன்னார்கள். மே 1 அன்று டோக்கியோவில் சோனியின் மூத்த அதிகாரி கசுவோ ஹிராய் உட்பட மூன்று பேர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். அண்ணன் அதைப் பார்த்தார், சேனலை மாற்றினார். இப்போது நம் ஊர்ச் சட்டம் வேறு. பெரிய தகவல் கசிவு என்று உறுதியானால் 3 நாளுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும், 2021 பிப்ரவரியிலிருந்து. அன்று அப்படி எதுவும் கிடையாது.

மே 7 பொதுத்தேர்தலும் வந்து போய்விட்டது. நெட்வொர்க் மட்டும் வரவில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மே நடுவில் திரும்பத் தொடங்கியது. சிங்கப்பூருக்கு மே 28. ஐந்து வாரத்துக்கும் மேல்.

ஆனால் அந்த ஐந்து வாரந்தான் என்னை இந்தப் பெட்டியோடு கட்டிப்போட்டது. ஆன்லைன் இல்லாததால் எல்லோரும் அண்ணன் வீட்டில் கூடினோம். நான்கு பேர், இரண்டு கண்ட்ரோலர், ஒரு கால்பந்து டிஸ்க். தோற்றவன் கண்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு எழ வேண்டும். அண்ணி வடை சுட்டுத் தருவார். உலகத்தில் 7 கோடிக்கும் மேலான கணக்குகள் முடங்கிக் கிடந்தபோதும் அந்த டிஸ்க் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. நெட்வொர்க் வந்ததும் அண்ணன் உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றினார், தன் கணக்கை அழித்தார், பெட்டியைப் பையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு அவர் எந்த கன்சோலும் வாங்கவில்லை.

வாங்கிய நாளே முடிவு செய்தேன், கார்டு எண்ணை இதில் போடமாட்டேன் என்று. கடையில் ரொக்கம் கொடுத்து, பிளேஸ்டேஷன் கணக்கில் பணம் ஏற்றும் டாப்-அப் கார்டு வாங்கி, அதிலிருக்கும் நீண்ட குறியீட்டைக் கண்ட்ரோலரில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவேன். தப்பாகத் தட்டினால் மறுபடியும் முதலிலிருந்து. இரவு பத்து மணிக்குத் தள்ளுபடி முடியப் போகிறது என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டும். எரிச்சலான வேலை, 14 ஆண்டுகளாக. இயந்திரத்தின் குறை இல்லை, நானே பிடித்துக்கொண்ட பழக்கம். ஆனாலும் விடமாட்டேன். 2013இல் வேறோர் இணையக் கடையிலிருந்து என் கார்டு எண் போய், யாரோ எங்கோ சாமான் வாங்கி, வங்கியோடு மூன்று வாரம் அலைந்தேன். இந்தப் பெட்டியில் அந்தக் கவலை ஒருநாளும் வந்ததில்லை. வேடிக்கை என்னவென்றால், 2021 அக்டோபரில் பிஎஸ்3-இன் ஆன்லைன் கடையில் வங்கி கார்டு கொடுத்து வாங்கும் வசதியையே சோனி நிறுத்திவிட்டது. இப்போது இந்தப் பெட்டியில் யாரும் நேரடியாக கார்டு கொடுத்து வாங்க முடியாது.

அதே 2021இல் பிஎஸ்3 கடையை மூடப் போவதாக அறிவித்தார்கள். விளையாடுகிறவர்கள் கொதித்த பிறகு ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்கு முன்பே, 2014 கிறிஸ்துமஸ் அன்று லிசார்ட் ஸ்குவாட் என்ற ஹேக்கர் குழு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டு நெட்வொர்க்கையும் முடக்கியது. பரிசுப் பெட்டியைப் பிரித்த பிள்ளைகளைக் காக்கவைத்து என்ன கண்டார்களோ! அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. அன்று முழுக்க என் வீட்டில் டிஸ்க் போட்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது நினைவில்லை, எனக்கு இருக்கிறது.

பிஎஸ்5 ஸ்லிமின் டிஸ்க் இல்லாத மாடலுக்குப் பிறகு தனியாக டிரைவ் வாங்கிப் பொருத்தலாம் என்றான். பொருத்தலாம், முதல்முறை இணைக்க இணையம் வேண்டும். டிஸ்க்கையும் நெட்வொர்க்கிடம் அனுமதி கேட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றால் எனக்கு ஆறவில்லை. 2016இலிருந்து பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு வந்துவிட்டது, அன்றைய நிலை இன்று இல்லை என்பதையும் அவனிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், வேறு கம்பெனி கன்சோல் வாங்கு என்று எனக்கு வாய் வரவில்லை. பிஎஸ்5 வாங்கு, டிஸ்க் மாடலாக வாங்கு, குறைகிற பணத்தை நான் தருகிறேன் என்றேன். சனிக்கிழமை மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போகிறோம். அப்படியே ஒரு டாப்-அப் கார்டும் வாங்கிக் கொடுப்பேன்.