பிளிக்கர்ஸ் அட்டைகள்: பிள்ளைகள் கையில் போன் இல்லாத வகுப்புக்கு

சாப்பாட்டு இடைவேளைக்கு அடுத்த பீரியடில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலாக வரும். கேள்வி கேட்டுப் பார்த்தால் வழக்கமான நாலைந்து கைகள் எழும். மற்றவர்கள் அந்தக் கைகளுக்குப் பின்னால் பத்திரமாக இருந்துகொள்வார்கள். அப்படி ஒளிந்துகொள்ள இடம் தராததுதான் பிளிக்கர்ஸ் (Plickers) என்ற வினாடி வினாச் செயலியின் பலம். ஆசிரியரிடம் ஒரு ஸ்மார்ட்போன், பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு காகித அட்டை, அவ்வளவுதான் தேவை. பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதி உள்ள நம் வகுப்புகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் பயன் முழுவதும் கேட்கிற கேள்வியின் தரத்தைப் பொறுத்தது. சுமாரான கேள்வியை எந்த அட்டையும் காப்பாற்றாது.

அமெரிக்காவில் கணித ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புக்காகத் தொடங்கியது இது. ஒவ்வொரு அட்டையிலும் க்யூஆர் கோடு சாயலில் ஒரு கறுப்பு வடிவம், ஓர் எண், நான்கு பக்கங்களிலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. தன் விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி பிள்ளை அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் போன் கேமராவை வகுப்பின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகர்த்தினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும்: சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. அட்டைக்கு அட்டை வடிவம் மாறுவதால் பக்கத்துப் பிள்ளை பிடித்திருப்பதைப் பார்த்து அப்படியே பிடிக்க முடியாது. எழுத்தும் மிகச் சிறியது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளையும் தயங்காமல் விடை காட்டுவது இதனால்தான்.

அட்டைகளை இணையதளத்தில் பிடிஎஃப்பாக இலவசமாக எடுக்கலாம். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டைகள், பெரியதில் 63. ஏ4 தாளில் இரண்டிரண்டாக வருவதால் 40 அட்டைக்கு 20 தாள் போதும். அச்சிடும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். லேசர் பிரிண்டரில் எடுத்தால் கறுப்பு அடர்த்தியாக விழும். ஜெராக்ஸ் கடையில் நகலுக்கு நகல் எடுத்துச் சாம்பல் பூத்த தாளைக் கேமரா படிக்கத் திணறும். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம் எடை) தாள் உயர்த்திப் பிடித்தால் மடிந்து விழும். 200 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கெட்டி அட்டையில் எடுப்பது நல்லது. வடிவத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை ஒட்ட வெட்டிவிடக் கூடாது. கறுப்புக்கும் பின்னணிக்கும் வேறுபாடு தெரிந்தால்தான் ஸ்கேன் ஆகும்.

லேமினேஷன் செய்யலாமா என்பது அடுத்த கேள்வி. கடையில் கேட்காமலேயே போட்டுத் தரும் பளபளப்பான லேமினேஷன் வேண்டவே வேண்டாம். டியூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் அதில் பட்டுத் தெறித்து வடிவத்தை மறைத்துவிடும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் கிடைத்தால் போடலாம். இல்லையென்றால் வெறும் அட்டையாகவே விட்டு, கிழிந்ததை மட்டும் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். எந்த எண் தொலைந்ததோ அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும். பொடி எழுத்து தெரியாத பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்துள்ள தொகுப்பும், நீளமான வகுப்பறைக்குத் தாளுக்கு ஒன்றாக வரும் பெரிய அட்டைத் தொகுப்பும் தனியாக உண்டு.

அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். ஏழாம் வகுப்பு 'அ' பிரிவின் 12ஆம் எண்ணுக்குத் தந்த அட்டையையே 'ஆ' பிரிவின் 12ஆம் எண்ணுக்கும் தரலாம். செயலியில் வகுப்பை மாற்றினால் பெயரும் மாறிவிடும், ஒரே கட்டு எல்லாப் பிரிவுக்கும் ஓடும். பெயர் சேர்க்கும் இடத்தில் முழுப்பெயரும் தகப்பனார் பெயரும் போட வேண்டியதில்லை. முதலெழுத்தும் எண்ணும் போதும். பிள்ளைகளின் விவரம் வெளிநாட்டுச் சர்வரில் கிடக்க வேண்டிய அவசியம் என்ன? ஒவ்வொரு பீரியடும் பெயர் கூப்பிட்டு அட்டை கொடுத்தால் நேரம் வீணாகும். வரிசைவாரியாகக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு, வரிசைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால் சீக்கிரம் முடியும். சிலர் நோட்டின் பின்னட்டையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். தொலையாது, ஆனால் நோட்டு வராத நாளில் விடையும் வராது. 63 பேருக்கு மேல் உள்ள வகுப்பில் இருவருக்கு ஓர் அட்டை கொடுத்துவிடலாம். பேசி முடிவெடுக்க வேண்டியிருப்பதால் அது ஒருவகையில் நல்லதுதான்.

ஸ்கேன் ஆகவில்லை என்ற புகாரில் பாதி, கைவிரல் செய்யும் வேலை. கட்டைவிரல் கறுப்பு வடிவத்தின் மேல் விழுந்தால் கேமராவுக்கு அட்டை தெரியாது. வெள்ளை ஓரத்தை மட்டும் இரு கைகளாலும் பிடிக்கச் சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே பிடித்தால் முன்னால் இருப்பவர் தலை மறைக்கும், எனவே பின் பெஞ்சுகள் தலைக்கு மேலே தூக்கட்டும். பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் எதிர்வெளிச்சத்தில் அட்டைகள் இருண்டுபோகும். ஆசிரியர் பக்கவாட்டுக்கு நகர்ந்து நின்றால் சரியாகிவிடும். இன்னொரு தவறு வெளியே தெரியாமல் நடக்கும்: சில பிள்ளைகள் தங்கள் எழுத்தை மேலே வைக்காமல் கீழே, தம் பக்கமாக வைத்துக்கொள்வார்கள். ஏ என்று நினைத்தது சி என்று பதிவாகும். முதல் சில வகுப்புகளில் கேள்வியே இல்லாமல் "எல்லாரும் பி காட்டுங்க" என்று ஒரு ஒத்திகை வைத்தால் யார் தலைகீழாகப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கேள்வி போட்டதும் அட்டையைத் தூக்க விடக் கூடாது. அட்டை மேசையில் கவிழ்ந்திருக்க வேண்டும், "காட்டுங்க" என்ற பிறகே எழ வேண்டும். 1970களில் மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்தது இது: கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று நொடியோ அதற்கு மேலோ காத்திருந்தால் பதில்கள் நீள்கின்றன, பதிலே சொல்லாமல் இருப்பவர்கள் குறைகிறார்கள். கணக்கென்றால் மூன்று நொடி போதாது, அரை நிமிடமாவது கொடுக்க வேண்டும். புரொஜெக்டரிலோ ஸ்மார்ட் போர்டிலோ நேரலைத் திரையைப் போட்டால் யாருடைய விடை பதிவாகிவிட்டது என்பது பெயரோடு தெரியும். அதுவே தூங்குமூஞ்சிகளை எழுப்பிவிடும். ஆனால் விடை வரைபடத்தை எல்லோரும் காட்டி முடிக்கும் முன் திறந்தால் காரியம் கெட்டது. எந்தக் கம்பம் உயரமோ அந்தப் பக்கம் அட்டைகள் திரும்பிவிடும்.

இனி கேள்வி. ஆறாம் வகுப்புத் தசம எண்களையே எடுத்துக்கொள்வோம். "0.5, 0.35, 0.125 இவற்றுள் பெரியது எது?" பார்க்க நல்ல கேள்விதான். ஆனால் வகுப்பில் இரண்டு விதத் தப்பெண்ணங்கள் உலவும். ஒரு கூட்டம் புள்ளிக்குப் பின் வருவதை முழு எண்ணாகவே படித்து 125தான் பெரியது என்று 0.125ஐத் தேர்ந்தெடுக்கும். இன்னொரு கூட்டம் பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சிறியது என்று கேட்டதை வைத்து, இலக்கம் குறைந்தால் எண் பெரிது என்று முடிவு கட்டியிருக்கும். அவர்கள் 0.5 என்று சரியான விடையையே காட்டுவார்கள். போன் பச்சையாக மின்னும், தப்பெண்ணம் அப்படியே இருக்கும். இதையே "0.3, 0.45, 0.125" என்று மாற்றினால் முதல் கூட்டம் 0.125இல் விழும், இரண்டாம் கூட்டம் 0.3இல் விழும், இடமதிப்பு புரிந்தவர் மட்டுமே 0.45 காட்டுவார். அட்டையின் நான்கு பக்கமும் இப்படி ஒவ்வொரு நோயைக் காட்டினால்தான் ஸ்கேன் செய்ததற்கு அர்த்தம். "இவற்றில் எதுவுமில்லை" என்று நாலாவது இடத்தை நிரப்புவது இடத்தை வீணாக்குவது.

எண்ணிக்கை வந்த பிறகு என்ன செய்வது? ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய சகமாணவர் கற்பித்தல் முறையை இங்கே அப்படியே பொருத்தலாம். ஏறக்குறைய 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால் விடையைச் சொல்லாமல், வேறு விடை காட்டியவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாட விட்டு மறுபடி அட்டை தூக்கச் சொல்ல வேண்டும். அதற்கும் கீழே போனால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். மேலே போனால் ஒரு வாக்கியத்தில் விளக்கிவிட்டு நகரலாம். வகுப்பு உண்மையில் விழித்துக்கொள்வது அந்த வாதாட்டத்தில்தான். ஒரு நடைமுறைச் சிக்கல்: அதே கேள்வியை மறுபடி ஸ்கேன் செய்தால் புதிய விடை பழையதை அழித்துவிடும். முதல் எண்ணிக்கை வேண்டுமென்றால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது கேள்வியை இரண்டு முறை சேர்த்து வையுங்கள்.

இலவசக் கணக்கில் ஒரு கேள்வித் தொகுப்புக்கு ஐந்து கேள்விதான். பலரும் குறையாகச் சொல்வது இதை. ஆனால் யோசிக்க, காட்ட, பேச, மறுபடி காட்ட என்று ஒரு கேள்விக்கே ஐந்து நிமிடம் போகும்போது, 40 நிமிட பீரியடில் மூன்றுக்கு மேல் ஓடாது. நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று தொடக்கத்தில், கவனம் தளரும் நடுப்பகுதியில் ஒன்று, மணி அடிக்கும் முன் ஒன்று. இதிலேயே தேர்வு நடத்த நினைப்பவருக்கு மட்டுமே அந்த எல்லை உறுத்தும். இதன் முடிவுகளை மதிப்பெண்ணாக மாற்றினால் மறுநாளே பக்கத்து அட்டையை எட்டிப் பார்ப்பது ஆரம்பமாகும். தமிழில் தட்டச்ச நேரமில்லாதவர்கள் "கேள்வி 1", "கேள்வி 2" என்று வெற்றுக் கேள்விகளை ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொண்டு, உண்மையான கேள்வியைக் கரும்பலகையில் எழுதலாம். எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற எண்ணிக்கை வந்துவிடும். சரி, தவறு நிறம் மட்டும் வராது.

இணையம் இல்லாமல் ஓடாது என்பது நிஜமான குறை. சிக்னல் எட்டாத பள்ளியில் இது வெறும் அட்டைதான். எழுத்து விடை, படம் வரைதல், காரணம் சொல்லுதல் எதற்கும் இடமில்லை. இசை, ஓடும் கடிகாரம் போன்ற ஆரவாரமும் கிடையாது. நார்வேயிலிருந்து வந்த கஹூட் என்ற வினாடி வினாச் செயலியில் அதெல்லாம் உண்டு, வகுப்பு கூச்சலில் அதிரும். ஆனால் அதில் வேகமாகச் சொல்பவருக்கு அதிகப் புள்ளி என்பதால் யோசிக்காமல் தட்டும் பழக்கம் வரும். பிள்ளைக்கொரு கருவியோ குழுவுக்கொரு கருவியோ வேண்டும். ஹைடெக் லேபில் மாதத்துக்கு ஒருமுறை விளையாட அது போதும், அன்றாடத்துக்கு ஆகாது. பெங்களூருவில் பிறந்த, இப்போது வேகிரவுண்ட் என்று பெயர் மாறியிருக்கும் க்விஸிஸ் செயலியிலும் காகித அட்டை முறை உண்டு. ஏற்கெனவே அதில் கேள்விகள் சேர்த்து வைத்திருப்பவர் இதற்காக மாற வேண்டியதில்லை.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இது வேண்டாம். அந்த வயதில் அட்டையைத் திருப்புவதே தனிப் பாடமாகிவிடும். சிலேட்டில் விடையெழுதித் தூக்கிக் காட்டினால் அதே விழிப்பு வரும், எழுத்துப் பயிற்சியும் சேரும். பதிவு தேவையில்லாத எந்த வகுப்புக்கும் சிலேட்டே போதும் என்றுகூடச் சொல்லலாம். ஆறாம் வகுப்புக்கு மேல், ஒரே பாடத்தை மூன்று நான்கு பிரிவுகளுக்கு எடுப்பவருக்கு, எந்தப் பிரிவில் எந்தத் தப்பெண்ணம் தங்கியிருக்கிறது என்பதை மாலையில் உட்கார்ந்து பார்க்க பிளிக்கர்ஸ் தரும் விடை அறிக்கை உதவும். முதலில் 40 அட்டையும் இலவசக் கணக்கும் வைத்து ஒரு பாடம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஐந்து கேள்வி எல்லை நிஜமாகவே இடித்தால் மட்டும் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.