சித்தன்னவாசலும் அரிட்டாபட்டியும்: சமணர் தங்கிய இரு குன்றுகள்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலும், மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியும் ஊருக்கு வெளியே துறவியருக்கு உறைவிடம் தந்த குன்றுகளாகும்.

சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டம் என்னும் குகையில், வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் ஒன்றிலுள்ள, தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் அமைந்த கல்வெட்டு, எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு இளையர் என்பவர் செய்து கொடுத்த இருக்கை அது எனக் கூறுகிறது; எருமிநாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பதால், காவுடி எவ்வளவு தொலைவு நடந்து வந்திருப்பார் என்ற வியப்பு எழுகிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலைப் புதுப்பித்தார். பெரும்பாலோர் அதன் தாமரைக்குள ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு, படுக்கைகள் இருக்கும் குகைக்கு ஏறாமலேயே திரும்பிவிடுகின்றனர்.

அரிட்டாபட்டியில் ஓவியம் இல்லை. ஆயினும் குகைத்தளத்தைக் கொடையளித்தவரைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அச்சணந்தி என்னும் சமணத் துறவி செய்வித்த தீர்த்தங்கரர் சிற்பம், சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் உருவமுள்ள சிவன் குடைவரை ஆகிய மூன்றும் ஒரே குன்றுத்தொடரில் அமைந்துள்ளன. கழுகு, வல்லூறு போன்ற பறவைகளுக்கும் அதுவே புகலிடமாதலால், 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு திட்டமிடப்பட்ட டங்ஸ்டன் சுரங்கம் மக்கள் எதிர்ப்பினால் 2025 சனவரியில் கைவிடப்பட்டது.

கலைக்காகச் செல்வோர் சித்தன்னவாசலையே தேர்ந்தெடுக்கலாம். காலத்தின் அடுக்குகளைக் காண விரும்புவோருக்கு, எனது கணிப்பில், அரிட்டாபட்டியே மேல்.