பெரியப்பா கேட்ட சூரி

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என் பெரியப்பா. அவருக்கு கம்ப்யூட்டர் ‘ஒர்தினத்தேர்’, மவுஸ் ‘சூரி’, அதாவது பிரெஞ்சில் எலி. போன மாதம் புதுச்சேரி காந்தி வீதியில், ஞாயிறு சந்தை போடுகிற பக்கம், மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்கு அவரைக் கூட்டிப் போனேன். “தம்பி, நல்ல சூரியா ஒண்ணு குடு” என்றார். கவுன்ட்டரில் நின்ற பையன் கடலூர்ப் பக்கம். பெரியவர் சூரிக்கத்தி கேட்கிறாரோ என்று மிரண்டு என்னைப் பார்த்தான். உள்ளே சால்டரிங் செய்துகொண்டிருந்த முதலாளி தலையைத் தூக்காமலே, “மவுஸ்டா. ஐயாவுக்கு வயர் இல்லாதது எடு” என்றார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கும் நாலு நட்சத்திரத்தில் ஒன்று இதற்கே.

ஆரோவில் ஆட்கள் வந்து வந்து முதலாளிக்கு எல்லாம் பழக்கம். ஸ்பானியர் ‘ரத்தோன்’ என்பாராம், அதுவும் எலிதான். ஜெர்மன்காரர் கேட்பதும் மவுஸ்தான், ஆனால் அது அவருடைய சொந்த மவுஸ்; ஜெர்மனில் எலிக்கும் அதே உச்சரிப்புதான். இத்தாலிக்காரர் மட்டும் எலிக்குத் தன் மொழியில் சொல் இருந்தும் இங்கிலீஷையே வைத்துக்கொண்டார். நாம் எலியை விட்டுவிட்டு ‘சுட்டி’ என்றோம். நல்ல சொல்தான். ஆனால் இணைய லிங்க்கும் சுட்டி, வால்தனம் செய்கிற பிள்ளையும் சுட்டி, நெற்றியில் தொங்குவதும் சுட்டி!

“வால் எங்கடா?” என்றார் பெரியப்பா, மவுஸைப் புரட்டிப் பார்த்து. நியாயமான கேள்வி. 1960களில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் குழு இதைச் செய்தபோது, வயர் வால் மாதிரி இருந்ததால் வந்த பெயர்தானே. அப்புறம் பெரியப்பாவே, “பிரெஞ்சில ழெ சூரின்னா நான் சிரிக்கிறேன்னும் அர்த்தம்” என்று சொல்லிச் சிரித்தார். விலை 380 ரூபாய்.

வீட்டுக்கு வந்தால் அம்புக்குறி நின்ற இடத்திலேயே துடிக்கிறது. மறுநாளே திரும்பப் போனோம். முதலாளி பில்கூடக் கேட்கவில்லை. “ஐயா, வீட்ல கண்ணாடி மேசையா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம். அடியில் இருக்கிற சின்ன கேமரா, மேசையின் சொரசொரப்பைப் படம் பிடித்துத்தான் நகர்வைக் கணக்கிடுமாம். தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிக்க ஒன்றுமில்லை. ‘மவுஸ் பேட்’ ஒன்றைத் தலையில் கட்டியிருக்கலாம். அவர் பழைய தினசரி காலண்டர் அட்டையைக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அட்டையில் பிள்ளையார், காலடியில் மூஞ்சூறு. சாமி முகத்தில் தேய்க்க மாட்டேன் என்று பெரியப்பா அட்டையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். இப்போது ஜோராக ஓடுகிறது.

ஒரு நட்சத்திரம் குறைத்தது மாடிப்படிக்கு. கைப்பிடி கிடையாது, செங்குத்து. எண்பது வயதுக்காரரை ஏற்றி இறக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. மதியம் 1 முதல் 4 வரை சாத்திவிடுவார்கள், பார்த்துப் போங்கள்.